நாலாவது பாட்டில்

என் வீட்டுக்காரர் ஏசுவடியானுக்கு அழுக்கு ஆகாது. சோப்பையே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் உடம்பில் போடுவார். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் சட்டை ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கம், கசங்கிய டிக்கெட் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்துப் பூரித்துப்போனேன். நாசரேத்தில் உபதேசியார் மகன், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நகத்தில் அழுக்கில்லாத மாப்பிள்ளை என்று என் அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். நகத்தில் அழுக்கில்லாத மனிதனோடு குடித்தனம் நடத்துவது எப்பேர்ப்பட்ட வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவருடைய அப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதையே ஒரு ஊழியமாக நடத்தியவர். செம்பைச் சாம்பல் போட்டு விளக்கி, மல் துணியை நாலாக மடித்து வடிகட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் வந்தவர் கையில் கொடுப்பார். வந்தவர் அதற்குள் தாகத்தை மறந்து பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாலும் சரி. அடுத்தவன் கையில் ஒன்றைக் கொடுக்கிறாய் என்றால் சுத்தமாகக் கொடு. பத்துக் கட்டளைக்கு மேல் பதினோராவதாக அந்த வீட்டில் இதுவும் இருந்தது.

இப்படி வளர்ந்த மனிதருக்கு, தேடிப் பிடித்தது போல ஒரு வேலை கிடைத்தது. ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புகிற வேலை.

1971-ல் தூத்துக்குடிக்குக் குடிவந்தோம். எனக்கு ஒரு எலிமெண்டரி ஸ்கூலில் டீச்சர் வேலை. அவருக்குத் தண்ணீர் ஆபீஸில். எந்த ஆபீஸ், அதிகாரி யார் என்றெல்லாம் கேட்காதீர்கள்; பாதிப் பேர் எங்களோடு ஒரே சபையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, மரப்பெட்டியில் நாலு கண்ணாடிப் பாட்டிலை அடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒரு பாட்டில், அதற்குக் கீழே இரண்டு இடங்களில் இரண்டு, கடைசியாக ஆத்துமுனையில் ஒன்று. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். மறுநாள் காலை ரயிலில் பெட்டி மெட்ராஸ் போகும். அங்கே ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிட்டு, நாற்பது நாள் கழித்து அறிக்கை அனுப்புவார்கள். அந்த நாற்பது நாளில் ஆற்றில் ஓடிய தண்ணீர் கடலுக்குப் போய், மேகமாகி, மலையில் மழையாகப் பெய்து, மறுபடி ஆற்றுக்கே வந்திருக்கும். ஆனாலும் அறிக்கை அறிக்கைதானே.

நாலாவது இடமான ஆத்துமுனையிலிருந்து ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு பம்பு இருந்ததாம். அது துருப்பிடித்து, கழற்றி, எடைக்குப் போட்டும் ஆயிற்று. ரிஜிஸ்டரில் மட்டும் அந்த இடம் அப்படியே இருந்தது. ரிஜிஸ்டரில் இருப்பதை அடிக்க யாருக்கு அதிகாரம் என்று தெரியாததால், மாதாமாதம் நாலாவது பாட்டிலும் நிறைந்துகொண்டிருந்தது.

சேர்ந்த இரண்டாம் மாதமே வந்தது வினை. ஒரு பாட்டிலில் செத்த பூச்சி ஒன்று மிதந்திருக்கிறது. சூப்ரவைசர் கிருபாநிதி சார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னவே, இதையா மெட்ராஸுக்கு அனுப்பப் போறீரு? பாக்குறவன் நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பான்? உம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தா இப்படியா குடுப்பீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

விருந்தாளி என்ற வார்த்தை போதும். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியை நேராகச் சமையலறைக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏளா, இந்தத் தண்ணியக் கொஞ்சம் வடிகட்டித் தா" என்றார்.

தந்தேன். தருவது மட்டுமா, எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. வடிகட்டினேன். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி, தண்ணீரை ஊற்றித் தெளிய வைத்தேன். தெளிந்ததைக் காய்ச்சி ஆற வைத்தேன். பாட்டிலை வெந்நீரில் அலசி, துடைத்து, அதில் ஊற்றினேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தூசி துரும்பு இல்லை. அரக்கு உருக்கி சீல் வைத்து, சீட்டில் இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து எல்லாம் எழுதி ஒட்டினார். காய்ச்சியவர் கையெழுத்துக்கு அந்தச் சீட்டில் இடம் விடவில்லை.

சாம்பிள் என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறைகள் என்று மூன்றாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். படம் வேறு வரைந்து காட்டுவேன். அந்தப் புத்தியெல்லாம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் இது மாமனார் வீட்டு வழக்கம், புருஷனுடைய மானம், அவ்வளவுதான். அந்த நாலு பாட்டிலும் எனக்குச் சோதனைக்குப் போகிற தண்ணீராகத் தோன்றவே இல்லை. மெட்ராஸில் யாரோ பெரிய மனுஷர் குடிக்கப் போகிறார் என்ற நினைப்பிலேயே மாதா மாதம் காய்ச்சினேன்.

அறிக்கைகள் வர ஆரம்பித்தன. முதல் தரம். மிக நன்று. குடிக்க உகந்தது. இந்தப் பக்கத்து ஆறுகளிலேயே இவ்வளவு சுத்தமான தண்ணீர் கிடையாது என்று ஒரு குறிப்பு வேறு. 1974 குடியரசு தினத்தன்று கிருபாநிதி சார் என் வீட்டுக்காரருக்கு ஒரு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார். அதற்குக் கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டினோம். என்னுடைய மல் துணிக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே அட்டைக் கம்பெனி வந்தது. வயலில் அறுத்த வைக்கோலைச் சுண்ணாம்பில் போட்டு அவித்துக் கூழாக்கி, அட்டை செய்கிற கம்பெனி. திறப்பு விழாவுக்குப் பந்தல், நாதஸ்வரம், பேச்சு. வீணாய்ப் போகும் வைக்கோலை அட்டையாக்குகிறோம் என்று மேடையில் பேசினார்கள். மாடுகளுக்கு இது தெரியாது. அவித்த தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில்தான் ஆறு இருக்கிறதே.

ஊருக்குத் தண்ணீர் எடுக்கிற இடம் கம்பெனிக்கு மேலே. அதனால் தூத்துக்குடிக்கு ஒரு குறையும் இல்லை; புதுத் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கெல்லாம் கூட நல்ல தண்ணீர் போயிற்று. கம்பெனிக்குக் கீழே இருந்தது ஆத்துமுனை. கடல் காற்று எட்டும், ஆற்றில் உப்பு எட்டாது, அப்படி ஒரு இடத்தில் அறுபது வீடு. எல்லாம் மீன்பிடிக்கிற கத்தோலிக்க சனங்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிப்பார்கள். வேறு கிணறு தோண்டினால் உவர்தான்.

அங்கிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள் பிலோமி. வாளைமீனைப் பாரை என்று சொல்லி விற்கிற அளவுக்குச் சாமர்த்தியம், விற்ற பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு நேர்மை. 1975 கோடையில் அவள் சிரிப்பு குறைந்தது. ஊற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது, வைக்கோல் அழுகின நாற்றம் அடிக்கிறது, பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு என்றாள். ஊரார் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அட்டைக் கம்பெனிக் கழிவை நிறுத்துங்கள், இல்லையானால் எங்களுக்கு ஒரு குழாய் போட்டுத் தாருங்கள். இவ்வளவுதான் மனு.

பதில் வந்தது. ஆத்துமுனைத் தண்ணீர் மாதாமாதம் சோதிக்கப்படுகிறது, அது முதல் தரம், மனு தள்ளுபடி.

எப்படி முதல் தரமாகாமல் போகும்? நாலாவது பாட்டிலைத் திறந்தால் சமையலறையே நாறும். நான் துணியை எட்டாக மடித்தேன். ஒரு தேத்தாங்கொட்டைக்கு மூன்று உரசினேன். அடுப்புக்கரியை இடித்து, மணலோடு அடுக்கி, அதன் வழியாக இரண்டு தடவை இறக்கினேன். மற்ற மூன்று பாட்டிலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த ஒன்றுக்கு ஒரு சாயங்காலமே போகும். எனக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது. இவ்வளவு மோசமான தண்ணீரைக் கூட வெள்ளையாக்கிவிட்டேன் பார் என்று அவரிடம் காட்டுவேன். அவரும் தலையை ஆட்டி ரசிப்பார்.

அவர் பேசாமல் இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒருநாள் கிருபாநிதி சாரிடம், "சார், நாலாவது இடம் ரொம்ப மோசமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

"அதுக்குத்தான நீரு இருக்கீரு" என்றாராம் சார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார் என் புருஷன்.

இரண்டாவது மனுவுக்கும் அதே பதில். 1976 ஏப்ரலில் மூன்றாவது மனு போட்டார்கள். எமர்ஜென்சி நேரம், மனு போடுவதற்கே நெஞ்சில் துணிச்சல் வேண்டும். இந்தத் தடவையும் தண்ணீர் நன்று என்று வந்தால் கோப்பை மூடிவிடுவோம், அதன்பிறகு கம்பெனிமேல் வீண்பழி சொன்னவர்கள்மேல்தான் நடவடிக்கை என்று திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரி எழுதிவிட்டார். பிலோமியின் மகள் ஆக்னஸ் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை. பிலோமி வியாபாரம் முடிந்தும் பஸ் ஏறாமல் சாயங்காலம் எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அவர் குளிக்கப் போனால் ஊர் போய்த் திரும்பலாம்.

"டீச்சர், ஒரு உதவி. இன்னைக்குத்தான ஐயா ஆத்துக்குப் போனாரு? எங்க ஊருத் தண்ணிய நல்லா கலங்கலாப் பாத்து எடுத்தாரா, இல்லன்னா இன்னொரு தடவ போய் எடுக்கச் சொல்லணும்னு வந்தேன். இந்தத் தடவ நல்ல தண்ணின்னு எழுதிட்டான்னா எங்க கதை முடிஞ்சுது. ஆக்னஸுக்கு எதக் குடுக்கன்னு தெரியாம முழிக்கேன்" என்றாள். அதற்குள் அடுப்பில் கொதித்ததைப் பார்த்துவிட்டாள். "குசினியில என்ன டீச்சர் பொங்குதிய? பலகாரமா?"

"ஒண்ணுமில்ல பிலோமி. சாம்பிள் தண்ணி. நாளைக்கு மெட்ராஸ் போவணும்லா."

அவள் உள்ளே அடுப்புப் பக்கம் வந்தாள். தெளிந்த மூன்று பாட்டில் வரிசையாக நின்றது. நாலாவது பாட்டிலின் தண்ணீர் பாதி பானையில், பாதி கரிக்கும் மணலுக்கும் நடுவே சொட்டிக்கொண்டிருந்தது. மல் துணியில் வைக்கோல் சக்கை அப்பியிருந்தது.

"இது எங்க ஊருத் தண்ணியா?"

"ஆமா."

"இத எதுக்குக் காய்ச்சுதிய?"

"அப்படியே எப்படி அனுப்புறது? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

வாயிலிருந்து வந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. ஐந்து வருஷமாக எனக்குத் தோன்றாதது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிலோமிக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"போன வருசம் ரெண்டு மனு போட்டோம். ரெண்டுக்கும் நல்ல தண்ணின்னு பதில் வந்துச்சு. அப்பம் அவன் பாத்தது எங்க ஆத்துத் தண்ணி இல்ல. ஒங்க அடுப்புத் தண்ணி" என்றாள் பிலோமி. சத்தம் போடவில்லை. மீன் வெட்டுகிற அரிவாளை எடுத்து என்மேல் எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஈரத்தலையோடு வந்த மனிதரிடம் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நான் களவாண்டேனா? எவன்கிட்டயாவது கை நீட்டினேனா? சுத்தமாத்தானளா அனுப்பினேன்?"

"அதுதான் குத்தம்" என்றேன். "நீங்களும் நானும் சேர்ந்து ஒரு ஊரையே வடிகட்டி எறிஞ்சிட்டோம்."

அவர் பானையைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். துணியில் இருந்த சக்கையை விரலால் தொட்டார். அவர் அழுக்கைத் தொட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, பெட்டியை அன்று கட்டாமல் வைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஆத்துமுனைக்குப் போய், நாலாவது பாட்டிலை ஆற்றில் முக்கி, அப்படியே மூடி, அங்கேயே உட்கார்ந்து சீல் வைத்து, சாயங்கால ரயிலில் அனுப்பினார். அந்தச் செத்த பூச்சிக்குப் பிறகு அதுதான் அவர் எடுத்த முதல் சாம்பிள்.

அறிக்கைக்கு நாற்பது நாள். ஆக்னஸுக்கு அவ்வளவு நாள் இல்லை. முப்பதாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்தே பிறந்தது. ஆண் பிள்ளை. போய்ப் பார்த்தேன். பார்த்து என்ன சொல்ல? அடுப்பு, துணி, தேத்தாங்கொட்டை எல்லாவற்றையும் ஆக்னஸிடம் நானே சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நற்சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினேன். அன்றைக்கு அழுத அழுகையை வேறு எதற்கும் அழுததில்லை.

அறிக்கை வந்தது. நாலாவது இடம்: எந்த உபயோகத்துக்கும் தகுதியற்றது.

ஐந்து வருஷம் முதல் தரமாக ஓடிய ஆறு ஒரே மாதத்தில் இப்படிக் கெட்டுப்போகுமா? ஆபீஸ் ஆழ்ந்து யோசித்தது. ஆறு கெட்டிருக்காது, பாட்டில்தான் கெட்டிருக்கும் என்று முடிவுக்கு வந்தது. பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் மாதிரி எடுத்ததற்கு விளக்கம் கேட்டு என் வீட்டுக்காரருக்கு ஒரு மெமோ. தூத்துக்குடியிலேயே பாட்டிலை மூன்று தடவை கழுவுகிற ஒரே மனிதனுக்கு.

அவர் மூன்று பக்கம் விளக்கம் எழுதினார். இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை எல்லா மாதிரியையும் வடிகட்டி, தெளியவைத்து, காய்ச்சித்தான் அனுப்பினேன், முந்தைய அறிக்கைகள் எதுவும் ஆற்றுத் தண்ணீரைப் பற்றியவை அல்ல, குற்றம் என்னுடையது, தண்டனை எனக்குக் கொடுங்கள், ஆத்துமுனைக்குக் குழாய் கொடுங்கள். என் பேரையும் எழுதச் சொன்னேன், எழுதமாட்டேன் என்றுவிட்டார்.

கிருபாநிதி சாருக்கு வேர்த்துவிட்டது. "உமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்காவே? எல்லா அறிக்கையிலயும் என் கையெழுத்து இருக்கு. எனக்கு மேல பெரிய ஐயா கையெழுத்து இருக்கு. நீரு ஒருத்தரு நல்லவனாகணும்னு நாங்க அத்தன பேரும் மாட்டணுமா?"

ஆனால் பெரிய அதிகாரி இவர்களையெல்லாம் விட மூளைக்காரர். அந்த மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு ஒரு உத்தரவு போட்டார். என் வீட்டுக்காரர் நகல் எடுத்து வந்தார், அதனால் வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "மாதிரி சேகரிப்பவரின் வாக்குமூலத்தின்படி, மேற்படி ஆற்றுத் தண்ணீரைச் சாதாரண வீட்டு முறைகளால் முதல் தரமாக்க முடியும் என்பது ஐந்து ஆண்டு ஆய்வறிக்கைகளால் ஐயமற நிரூபணமாகிறது. ஆகவே குழாய் அவசியமில்லை. அம்முறையை ஆத்துமுனை மக்களுக்குச் செய்து காட்ட திரு. ஏசுவடியான் பணிக்கப்படுகிறார். செயல்விளக்கத்துக்குப் பின் கோப்பு மூடப்படும்."

எப்படி இருக்கிறது? நாங்கள் செய்த பாவத்தை ஒப்புக்கொண்டால், அதையே திட்டமாக்கிவிட்டார்கள். செய்து காட்ட ஆகஸ்டில் ஒரு நாளும் குறித்தார்கள்.

அன்றைக்கு நானும் போனேன். மாதா கோயில் முன்னால் ஷாமியானா. பெரிய அதிகாரி, கிருபாநிதி சார், அட்டைக் கம்பெனி மானேஜர், போட்டோக்காரர். ஊர்ச்சனம் வெயிலில் நின்றது. பிலோமி முன்னால் நின்றாள், பக்கத்தில் ஆக்னஸ். மேஜையில் ஸ்டவ், பானை, மல் துணி, கரி, மணல், தேத்தாங்கொட்டை எல்லாம் தயாராக இருந்தது. பெரிய அதிகாரி அரை மணி நேரம் பேசினார். அரசாங்கத்தையே எல்லாவற்றுக்கும் எதிர்பார்க்கக்கூடாது என்றார். கம்பெனி மானேஜர் கைதட்டினார். பேச்சு முடியவும் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து காட்டிவிட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து அதிகாரி கையில் பணிவாகக் கொடுத்தார்.

போட்டோக்காரர் கையைத் தூக்கினார். அதிகாரி சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு மடக்கு நன்றாகக் குடித்தார்.

அவ்வளவுதான். குடித்ததில் பாதி விழுங்கிவிட்டார், பாதி கிருபாநிதி சாரின் வெள்ளைச் சட்டையில் போயிற்று. அதற்கப்புறம் குனிந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தார்.

"என்னவே இது?" என்று கத்தினார் கிருபாநிதி சார்.

"நாலாவது இடத்துத் தண்ணி, சார்" என்றார் என் வீட்டுக்காரர். "காய்ச்சினது பானையில இருக்கு. டம்ளர்ல குடுத்தது ஆத்துல மோந்தது. சாம்பிள்னா இதுதான்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

விருந்தாளிக்கு அழுக்குத் தண்ணீர் கொடுக்க அந்த மனிதர் எத்தனை நாள் தனக்குள் போராடியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். சனத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பயந்துபோய் நின்றார்கள். நானும் பயந்துதான் நின்றேன். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் சஸ்பென்ஷன். கூடவே குற்றச்சாட்டு மெமோ. கிருபாநிதி சாரே உட்கார்ந்து, இந்தத் தடவை தப்பிக்க வழியில்லாமல் எழுத வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன்.

"ஆத்துமுனை ஆற்றுத் தண்ணீர் மனிதர் குடிக்கத் தகுதியற்றது என்றும், அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரும் என்றும் நன்கு தெரிந்திருந்தும், அத்தண்ணீரை உயர் அதிகாரிக்குக் குடிக்கக் கொடுத்து, அவர் மூன்று நாள் மருத்துவமனையில் படுக்கும்படி செய்த குற்றம். மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது."

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். "ஏங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா? மூணு மனுவுலயும் பிலோமி ஊரு சொன்னதத்தான் கிருபாநிதி சார் சீல் வெச்சு எழுதிக் குடுத்திருக்காரு. டாக்டர் சர்டிபிகேட் வேற."

அவர் மெமோவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று நகல் எழுதினோம். நாலாவது மனுவோடு அவற்றை இணைத்து, கலெக்டருக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று, ஒவ்வொருவருக்கும் மேலே இருப்பவருக்கு ஒன்று என்று ஆத்துமுனை சனங்களின் கைநாட்டோடு அனுப்பினோம். ஒரு உயர் அதிகாரியின் உயிருக்கு ஆபத்தான தண்ணீர் அறுபது வீட்டுக்காரர்களுக்கு எப்படி ஆபத்தில்லாமல் போகும் என்று ஒரே ஒரு வரி எழுதினேன்.

பத்தாம் நாள் கிருபாநிதி சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேலேயிருந்து கேள்வி வர ஆரம்பித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வேலை போனால் என் ஒருத்தி சம்பளத்தில் காலம் தள்ள வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

"ஏசுவடியான், நடந்தது நடந்துபோச்சு. நகல யாரும் நம்பமாட்டான். அந்த ஒரிஜினல் மெமோவ மட்டும் திருப்பிக் குடுத்துரும். வேற ஒண்ணு தாரேன், மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டீருன்னு மட்டும் போட்டுருவோம். ஒண்ணாந்தேதி வேலைக்கு வந்துரலாம். பெரிய ஐயாகிட்டப் பேசியாச்சு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் குடுத்துருங்க என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"சார், அஞ்சு வருசமா நான் மெட்ராஸுக்கு அனுப்பினது அத்தனையும் பொய்" என்றார் அவர். "உங்க ஆபீஸ்லருந்து அந்த ஆத்தப் பத்தி வந்த ஒரே நிஜம் நீங்க எழுதின மெமோதான். அத எப்படித் திருப்பித் தருவேன்?"

அந்தப் பதிலோடு வேலை போயிற்று. இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். அட்டைக் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கழிவை எங்கே விடுவது என்று ஆராய ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள், அது டீ குடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய அதிகாரி பதவி உயர்வில் போனார்.

குழாய் மட்டும் வந்தது. ஒரிஜினல் மெமோவை மெட்ராஸிலிருந்து விசாரிக்க வந்த ஒரு அதிகாரி நேரில் வாங்கிப் பார்த்த பிறகு, 1977 பொங்கல் கழிந்து ஆத்துமுனைக்கு ஊர்த் தண்ணீர் போயிற்று. பைலில் எழுதிய காரணம்: "ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாமை." இருக்கட்டும். குழாய்க்கு யார் பெயரில் வந்தோம் என்று தெரியாது, திறந்தால் எல்லாருக்கும்தான் கொட்டும்.

திறந்த அன்று பிலோமி ஆள் விட்டிருந்தாள், போனேன். மாலை போட்ட குழாய். சாமியார் ஜெபம் பண்ணித் திறந்தார். பெண்கள் முட்டி மோதிக்கொண்டு பிடித்தார்கள். கூட்டம் குறைந்த பிறகு ஆக்னஸ் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. குடத்தை வைத்தாள். தண்ணீர் நிறைகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நல்ல தண்ணிதான் டீச்சர்" என்றாள். "போன வருசமே வந்திருக்கலாம்."

"ஆமா ஆக்னஸ்" என்றேன். குடம் நிறைந்ததும் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டேன்.